மறதி அண்ணனுக்குப் பாடம் சொன்னவர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவ மாணவியரே! கனத்த நெஞ்சோடு நிற்கிறேன்.

நம் செவிலியர் கல்லூரி வாசலில் இருபது ஆண்டுகள் நகல் கடை நடத்தியவர், உங்கள் வாயில் ‘மறதி அண்ணன்’, போன வாரம் நம்மை விட்டுப் போய்விட்டார். நகல் கடைக்காரருக்கா இரங்கல் கூட்டம் என்று சிலர் கேட்டார்கள். கேட்கட்டும், சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஆயிரம் பக்கம் அவர் கைவழியாகப் போகும். அவருக்கோ ஆவல் அடங்காது. தாளை இயந்திரத்தில் கவிழ்த்து மூடியைச் சாத்திவிட்டு, இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்பார். பார்க்காமல் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நகல்! மூன்று நாள் கழித்து அதே பிள்ளை வந்தால், அன்று சொன்னது மறந்துவிட்டது, திரும்பச் சொல் என்பார். அடுத்த வாரமும் அதே கதைதான். அப்படி வந்த பெயர் அது.

எனக்கு அப்போது எரிச்சல். உடலியல் ஆசிரியன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது கடைக்காரர் கேள்வி கேட்பதா? நேரே போய், உங்கள் வேலையை மட்டும் பாருங்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.

அந்த ஆண்டுதான் இங்கே படித்த என் மகள் உடலியல் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றாள். மூன்றாவதும் போனால் படிப்பையே விட வேண்டும், விதி அப்படி. அவள் படிக்காதவளா? நாள் முழுக்கப் படிப்பாள். நான்கு வண்ணத்தில் கோடு போட்டு வைப்பாள். கண்ணீரும் கம்பலையுமாக அந்தப் புத்தகத்தோடு கடைக்குப் போயிருக்கிறாள். இதில் எது முக்கியம் என்று கேட்டாராம். எல்லாமே என்றாளாம்.

“அப்போ கோடு போடாம விட்ட இடத்தைக் காட்டும்மா. அதையாவது நான் படிச்சுக்கிறேன்.”

அழுதவள் சிரித்துவிட்டாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, சிறுநீரகம் எப்படி இரத்தத்தை வடிகட்டுகிறது என்று சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வரியிலேயே திக்கினாள். தெரியும் என்று நினைத்தது தெரியாது என்பது அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து திக்கிய இடத்தை மட்டும் படித்தாள், இரண்டு நாள் கழித்துப் போய்ச் சொன்னாள், மறுபடி திக்கினாள், மறுபடி படித்தாள். இப்படி ஏழு வாரம். தேறினாள்! இன்று சிறுநீரகப் பிரிவில் செவிலியாக இருக்கிறாள். இருபத்தெட்டு ஆண்டு பாடம் நடத்திய அப்பனுக்கு இது ஏன் தோன்றவில்லை? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். ஒருநாளும் அவளைச் சொல்லவிட்டதில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. மனிதர் உண்மையிலேயே மறந்தாரா, நடித்தாரா? நேற்று அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன இடத்தில், அவர் மனைவியான அண்ணியிடமே கேட்டுவிட்டேன்.

“மறதியா, அவருக்கா? கடையைச் சாத்திட்டு வந்து, அன்னைக்குக் கேட்டதையெல்லாம் ஒண்ணு விடாம எனக்குச் சொல்லுவார். நான் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவ. இதயத்துல நாலு அறை இருக்குன்னு எனக்குத் தெரியும். இனிமே எனக்கு யாருங்க சொல்லுவா?”

அந்தக் கேள்விக்கு இப்போது, இத்தனை பேர் முன்னால் பதில் சொல்கிறேன். அண்ணி, திங்கட்கிழமை கடையைத் திறக்கப்போவதாகச் சொன்னீர்கள். முதல் ஆளாக நான் வருவேன். கையில் குறிப்பு இல்லாமல், மூளை எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்வேன். நான் திக்கினால் தயவு பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள். படித்துவிட்டு மறுபடி வருகிறேன்.