முனியப்பனை ஒட்டிய இடம்

உங்கள் காரில் சீட்டு நன்றாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏசியும் பரவாயில்லை. காரிமங்கலம் சந்தை முடிந்து வெந்துபோய் வந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தக்காளிக் கூடைகூடச் சில்லிட்டுவிடும்.

உங்கள் கம்பெனியிலிருந்து அப்பாவின் போனுக்கு மெசேஜ் வந்திருந்தது. "நீங்கள் எதிர்பார்த்த தரம் இருந்ததா?" என்று ஒரு கேள்வி. கீழே ஐந்து நட்சத்திரம், அதற்கும் கீழே எழுத ஒரு கட்டம். மெசேஜ் அனுப்பும் உங்கள் மெஷினுக்கு, வண்டிக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அப்பா இப்போது போனைத் தொடுவதில்லை. அதனால் அவர் மகள் வெண்மதி, பன்னிரண்டாம் வகுப்பு, பதில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் காரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். முப்பது வீடியோ பார்த்தேன். புதுக் கம்பெனி, பெரிய திரை, ஆறு ஏர்பேக், மற்றவர்களைவிட விலை குறைவு. அப்பா ராஜப்பன் மாந்தோப்புக்காரர். படிவம் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். "எம்பொண்ணு நெட்டுல பாத்து சொல்லுச்சுங்க" என்று ஊரெல்லாம் பெருமை பேசினார். என்னிடம் ஒரு வாக்கும் கொடுத்தார்.

"காரை நல்லதா எடுத்துக் குடுத்துட்டீன்னா, காலேஜையும் நீயே பாத்து எடுத்துக்க பாப்பா. கோயமுத்தூரா இருந்தாலும் அனுப்பறேன்."

என் கோயம்புத்தூர் உங்கள் காரின் நான்கு சக்கரத்தில் ஏறியது அப்படித்தான்.

அம்மாவின் தம்பி மாதவராஜ் மாமாவுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பூஜை போட்டுச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோதே ஆரம்பித்துவிட்டார்.

"பழம் நசுங்கிடுச்சு மாமா. அந்த அளவுக்கு வெயிட்டு இருக்குது, சந்தோசம். பொட்டப்புள்ள செல்லப் பாத்துக் காரு எடுத்துடுச்சு. நாளைக்கு செல்லப் பாத்து மாப்ளயும் எடுக்கும், தயாரா இருங்க."

ஒன்பதாம் நாள் பின்கதவுக் கைப்பிடி அம்மாவின் கையோடு வந்துவிட்டது. மாமா சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டோவோடு எழுதினார்: "கழட்டி வூட்டுக்குள்ள வெச்சிக்கலாம், திருட்டுப் பயமே இல்ல." பிறகு இடதுபக்க இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆட ஆரம்பித்தது. "டாட்டா காட்டுது" என்று அதற்கும் எழுதினார். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். மூன்றாவது மாதத்தில் சோற்றில் கையை வைத்தபடி, "தருமபுரியிலயே காலேஜு இருக்குதில்ல பாப்பா?" என்றார். சும்மா கேட்ட மாதிரிதான் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை திரையின் இடது மூலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னாது பாப்பா, செவப்பா எரியுது?"

"பெல்ட்டு சரியா மாட்டலப்பா. அதான்."

அது பெல்ட்டு இல்லை. உங்கள் புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது, வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டுச் சர்வீஸுக்குக் கூப்பிடவும். தமிழில் தெளிவாகவே போட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அதைப் படித்தது நான் ஒருத்திதான்.

மறுநாள் மாமா விருந்துக்கு வருகிறார். அவர் கண்ணில் அந்த விளக்கு பட்டால் குரூப்பில் ஒரு வாரம் ஓடும். எங்கள் குலதெய்வம் முனியப்பன் படம் ஸ்டிக்கராக ஒன்று பீரோவில் இருந்தது, முறுக்கு மீசையும் அரிவாளுமாக. விளக்கின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தார், அளவெடுத்துச் செய்த மாதிரி. அப்பா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எம்பொண்ணுக்குத்தான் தோணுது பாரு" என்றார். வண்டி கிளம்பும்போது ஒரு எச்சரிக்கைச் சத்தம் வரும். அந்த நேரத்தில் நான் பாட்டைச் சத்தமாக வைத்துவிடுவேன்.

நான் பொறுப்பில்லாதவள் இல்லை. பதினான்காம் தேதிக்குச் சர்வீஸ் போட்டு வைத்தேன். அன்று உங்கள் சர்வீஸ் சென்டர் மெக்கானிக் உசேன் அண்ணனிடம் தனியாகச் சொல்லி, ஓசைப்படாமல் சரிசெய்துவிடலாம் என்பது திட்டம். அதுவரை அப்பா நாற்பதுக்கு மேல் போகமாட்டார். பிரேக் மிதி ஆழமாக அமுங்க ஆரம்பித்ததை அவரும் கவனித்தார்தான். "வெண்ணெ மாதிரி எறங்குது பாரு. பழைய வண்டியில கட்டை மாதிரி இருக்கும்" என்று அதையும் தரத்தில் சேர்த்துக்கொண்டார்.

பதினொன்றாம் தேதி மாமா மறுபடி வந்தார். அவருடைய பழைய கம்பெனிக் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அவசரமாகச் சேலம் போகவேண்டும். அப்பாவுக்கு அன்றைக்குத் தீபாவளி. சாவியைத் தட்டில் வைத்துக் கொடுக்காத குறை.

"ஓட்டிப் பாத்துட்டு வந்து பேசு மாப்ள."

மாமா ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டார்.

"பாப்பா, இன்ஜினியரம்மா, தைரியமா எடுத்துட்டுப் போலாமா? ஏதாச்சும் கம்ப்ளைண்ட் இருந்தா இப்பவே சொல்லிடு."

சேலம் போகத் தொப்பூர் கணவாயில் இறங்கவேண்டும். லாரி டிரைவர்களே சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும் இறக்கம். அது எனக்குத் தெரியும். இன்னொன்றும் தோன்றியது. பிரேக் அப்பாவின் கையில் போனால் வண்டி மட்டம், வண்டியைத் தேர்ந்தெடுத்த நானும் மட்டம். மாமாவின் கையில் போனால் மாமாவுக்கு ஓட்டத் தெரியவில்லை. எங்காவது லேசாக முட்டுவார், குரூப்பில் நாங்கள் போட்டோ போடலாம். பத்தாம் வகுப்புக் கணக்கைவிடச் சுலபமாக விடை வந்தது.

"ஒண்ணுமில்ல மாமா. சூப்பர் வண்டி."

அவர் முனியப்பனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமியே முன்னாடி குந்தியிருக்குது, அப்புறம் என்ன" என்று சொல்லிக் கிளம்பினார்.

இரண்டாவது வளைவில், டைல்ஸ் ஏற்றிப்போன லாரியின் பின்னால். ஆறு ஏர்பேக்கும் விரிந்ததாம். அதிலும் குறை சொல்லமுடியாது. லாரியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

மாமாவின் காரியம் முடிந்ததிலிருந்து எல்லோரும் உங்களைத்தான் திட்டுகிறார்கள். கைப்பிடி கழன்ற கம்பெனி, பிரேக்கும் கழன்றது என்கிறார்கள். முதல் சர்வீஸில் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்ட உசேன் அண்ணனை நீங்கள் வேலையைவிட்டு நிறுத்திவிட்டீர்கள். போலீஸ் தினமும் கூப்பிட்டு உட்காரவைக்கிறது. அப்பா என்னிடம், "உம்மேல தப்பில்ல பாப்பா. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். நீ கோயமுத்தூரே போ, இந்த ஊரு வேணாம்" என்று சொல்லி அழுதார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். ஆயில் ஒழுகியது உங்கள் தப்பு. ஆனால் வண்டி சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லியது, நான்கு நாள் விடாமல் சொல்லியது. அதன் வாயைப் பொத்தி, மாமாவை ஏற்றி அனுப்பியது நான். உசேன் அண்ணனை விட்டுவிடுங்கள். நட்சத்திரம் நான்கு போட்டிருக்கிறேன். ஒன்று கைப்பிடிக்காகக் குறைத்தது.

இன்னொன்று. நொறுங்கிய வண்டியை ஸ்டேஷனுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். அப்பா உள்ளே கையெழுத்துப் போடப்போனபோது உடைந்த கண்ணாடி வழியாகக் கையைவிட்டு, நகத்தால் நெம்பி ஸ்டிக்கரை எடுத்துவந்துவிட்டேன். அடியில் விளக்கு அணைந்திருந்தது. எடுத்த அன்றே கிழித்துப்போட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. பிசிக்ஸ் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். சாமி படத்தைக் குப்பையில் போடுகிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.