குழிக்குள் மூடப்பட்ட விளக்கு

என் பெயர் குவாபெனா டொன்கோர், வயது அறுபத்தெட்டு, கானா நாட்டில் தார்க்வா நகரை அடுத்த அதுமாசா கிராமத்தில் குடியிருந்து ரேடியோ பழுது பார்த்து வருகிறேன். தொழிலை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

நேற்றுக் காலை எங்கள் ஊர்த் தங்கக் குழி சரிந்து, என் தங்கை அகொசுவாவின் மகன் யாவ் ப்ரெம்பே உள்ளே சிக்கினான். அதன் பிறகு நான் என் வண்டியைக் கொண்டுபோனேன். பழைய வேனின் வைப்பர் மோட்டாரும் மோட்டார் சைக்கிள் சங்கிலியும் கைப்பேசிக் கேமராவும் வைத்து, குழிக் காற்றைச் சோதிக்கவும் புதைந்தவர்களைத் தேடவும் நானே செய்தது அது. மாவட்ட அலுவலகத்தில் அதை விளையாட்டுச் சாமான் என்று திருப்பி அனுப்பியவர்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. மேலே இருந்து கம்பி வழியாக ஓட்ட வேண்டும்; அது காண்பதைத் திரையில் பார்க்கலாம், மைக்கில் பேசினால் உள்ளே கேட்கும். முன்புறம் ஒரு சிறு சுத்தியல் உண்டு.

எங்கள் குழிகளில் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இருட்டில் பெயர் சொல்லி அழைப்பது மண் என்றும், பதில் கொடுத்தவன் மேலே வரமாட்டான் என்றும் நம்புகிறோம். பெயர் கேட்டால் விளக்கைப் பொத்தி ஒளிந்துகொள்வோம்; கல்லில் தட்டித்தான் கூப்பிடுவோம்.

அதன் பிறகு சுரங்கத் துறை ஆய்வாளர் லாம்ப்டே வந்தார். அவர் கடற்கரைப் பக்கத்துக்காரர், எங்கள் குழி வழக்கம் தெரியாதவர். சுத்தியலைப் பார்த்து, "என்ன பெரியவரே, உங்க வண்டி கதவத் தட்டிட்டுத்தான் உள்ள போகுமோ?" என்றார். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு வண்டியை இறக்கினேன். வளைவு தாண்டியதும் திரையில் மங்கலாக, குழிக்காரர் தலையில் கட்டும் விளக்கு ஒன்று தெரிந்தது. நான் தட்டுவதற்குள் ஆய்வாளர் மைக்கைப் பிடுங்கினார்.

"பேர் மட்டும் சொல்லாதீங்க ஐயா. நான் தட்டுறேன்" என்றேன்.

"யாவ்! யாவ் ப்ரெம்பே!" என்று அவர் அழைத்தார்.

வெளிச்சம் சிவப்பாயிற்று. விளக்கைக் கையால் பொத்தினால் விரல்களுக்குள் தெரிகிற சிவப்பு. உயிருள்ள ஒரு கை விளக்கை மூடியது. பிறகு இருட்டு. என் பின்னால் நின்ற அகொசுவா, மகனைக் கூப்பிட்டுவிடாமல் தன் வாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

அதன் பிறகு ஆய்வாளர், விளக்கில் மின்கலம் தீர்ந்தது, உள்ளே எவரும் உயிரோடு இல்லை என்று முடிவு செய்து, அனுமதியில்லாத சுரங்கக் கருவி என்று என் வண்டியைப் பறிமுதல் செய்தார். இன்று மதியம் குழியை மூட உத்தரவாகியிருக்கிறது. மண் தள்ளும் இயந்திரம் இந்தப் போலீஸ் நிலைய வாசலைக் கடந்து போன சத்தம் இப்போது கேட்டது.

நான் சொல்ல நீங்கள் எழுதிய இந்த வாக்குமூலத்தை நானே படித்துப் பார்த்தேன். 'விளக்கு அணைந்தது' என்றிருந்த இடத்தை அடிக்கச் சொல்லி, 'உயிருள்ள ஒரு கை விளக்கை மூடியது' என்று எழுதிய பிறகே கையெழுத்திடுகிறேன். சொன்னதெல்லாம் என் கண்ணால் கண்டது. வண்டியைக் கொடுங்கள், நான் தட்ட வேண்டும்.

(ஒப்பம்) குவாபெனா டொன்கோர்