நாறாத உரம்

பொம்மையார்பாளையத்தில் ஏறிய இரண்டு பெண்கள், மரக்காணம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் ஒரு ரோஜாச் செடி.

"ஓனரம்மா கோயில்லருந்து வர்றதுக்குள்ள இந்தச் செடிய மாத்தி வெச்சிடணும்க்கா."

"ஏண்டி, அவங்க செடி என்னாச்சு?"

"கொன்னுட்டேன்."

நானும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன்.

"மாடியில பெயின்ட் பக்கெட்ல காய்கறித் தோலெல்லாம் உரத்துக்கு மக்க வெச்சேன்ல? நாறுது, வீட்டைக் காலி பண்ணுன்னு ஒரே சண்டை. உப்பை அள்ளிப் போட்டேன்."

"உரத்துலயா?"

"மீன் நாறுனா நாம உப்புதானே போடுவோம்? உப்பளத்துல வேலை செய்ற கை, அது பாட்டுக்குப் போட்டுடுச்சு. நாத்தம் நின்னுடுச்சுக்கா! ஆனா வாழைப்பழத் தோலு இன்னும் வாழைப்பழத் தோலாவே இருக்குது."

"அடிப்பாவி, ஊறுகா போட்டிருக்க!"

"ஓனரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நாறாத உரம்னு அவங்களே ஒரு கை எடுத்து ரோஜாவுக்குப் போட்டுட்டாங்க. இலையெல்லாம் கருகிடுச்சு."

இருவரும் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த செடியே ஆடியது. கண்டக்டர் டிக்கெட் கேட்டும் ஊர் பேரைச் சொல்ல முடியவில்லை. அப்போது போன் அடித்தது. இளையவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா... ஆமாங்கம்மா... ஐயோ, சரிங்கம்மா."

"பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க. உரம் பத்தலைன்னு மிச்ச பக்கெட்டையும் எல்லாத் தொட்டிக்கும் கொட்டிட்டாங்களாம்."