கிழக்கே பார்த்த பள்ளிக்கூடம்

— கொஞ்சம் தள்ளி உக்காருங்கய்யா... கூடையில கருவாடு. வாடை அடிக்கும்.

— அடிச்சா அடிக்கட்டும். உக்காரு தாயி. எங்கன எறங்கணும்?

— திருப்பாலைக்குடி தாண்டி, கடக்கரையில எங்க ஊரு. நீங்க?

— நானும்... அந்தப் பக்கந்தான்.

— கண்டக்டரு உங்ககிட்ட டிக்கெட்டே கேக்கலையே!

— பாஸ் இருக்கு. ஒனக்கு?

— பொம்பளைக்குத்தான் ஓசியாச்சே. ஆக, ரெண்டு பேரும் ஓசி!

— ஹ... சரிதான். பிள்ளைக படிக்குதா?

— ஒரு மக, ஆன்சி. பன்னெண்டாவது. எங்க பழைய எம்மெல்லே தர்மராஜ் கட்டுன பள்ளிக்கூடந்தான்.

— ஓ... ஆளு எப்பிடி?

— தங்கமான மனுசன். ரோடு கேட்டாப் பள்ளிக்கூடம் தந்தாரு. தண்ணி கேட்டோம்... அதுக்கும் பள்ளிக்கூடந்தான் தந்தாரு.

— ரெண்டு தடவ ஜெயிச்சாரேம்மா!

— மூணாந்தடவ தோத்தாரேய்யா! கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேட்டுட்டுத்தான் பந்தியில உக்காருவாராம்.

— அது தப்பா?

— தப்பில்ல. ஆனா அவரு கடலாடிப் பக்கம் வெவசாயம் பாக்குற சம்சாரி, கடக்கரைப் பழக்கம் தெரியாது. பள்ளிக்கூட வாசல் கெழக்க பாத்துத்தான் இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னு கட்டிட்டாரு.

— கெழக்குத்தான லெச்சணம்?

— எங்களுக்குக் கெழக்க கடலுய்யா! ஐப்பசி, கார்த்திகையில வாடைக்காத்து கெளம்புனா மழையும் மணலும் நேரா வகுப்புக்குள்ள. எங்க ஊருல ஒரு வீடாச்சும் கடலப் பாத்து வாசல் வச்சிருக்கா?

— ...அப்பவே யாராச்சும் அவருட்டச் சொல்லியிருக்கலாம்ல?

— தெறப்பு விழா அன்னைக்குச் சொல்லத்தான் வந்தோம். அவரு மைக்க விட்டாத்தான...

— அம்புட்டுப் பேசுவாரோ?

— அடேயப்பா! கீழ உக்காந்திருந்த நாங்க பாதிப் பேரு தூங்கிட்டோம்.

— சரி சரி... மழைக்காலத்துல என்ன பண்ணுவீக?

— லீவு விட்டுருவாக. சும்மா இருக்குற பொம்பளப் பிள்ளைகள மீன் கம்பெனி வேலைக்கு அனுப்பிருவாக. அப்பறம் எதுக திரும்பிப் படிக்க வருது? ஆன்சி கூட்டாளிகளே நின்னுருச்சுக. இவளும் நின்னுருவாளோன்னு பயந்துதான்...

— பயந்து?

— ...மேக்கச் சொவர ஒடச்சு வாசல் வச்சிட்டோம். ஊரே சேந்து.

— கவர்மெண்டுச் சொவரயா!

— ஏசாதீகய்யா. எங்க வீட்டுக்காரரு மேல கேசு போடப் போறாகளாம். அவரு உள்ள போயிட்டா எம்மக படிப்பு அன்னைக்கே முடிஞ்சது. அதான், எம்மெல்லே அய்யாவப் பாத்து ஒரு வார்த்த சொல்லச் சொல்லலாம்னு...

— அவர எங்கன போயிப் பாப்ப?

— இங்கனதான். பக்கத்து சீட்டுல.

— ...அடிப்பாவி! ஏறும்போதே தெரியுமா?

— தெரியாமலா இம்புட்டு சீட்டு காலியாக் கெடக்க, இங்கன வந்து உக்காந்தேன்?

— அப்ப, தங்கமான மனுசன்னது?

— அது நெசந்தான்யா... கொஞ்சூண்டு ஐஸும் உண்டு.

— ஆளப் பாரு! சரி, ஊரு வந்துருச்சு, எறங்கு. யாக்கோபு ஒண்ணுக்கும் பயப்பட வேணாம்னு சொல்லு.

— அய்யா... அவுக பேர நான் சொல்லவே இல்லையே!

— கெழக்க வாசல் வச்சதும் நாந்தான், மேக்க ஒடைக்கச் சொன்னதும் நாந்தான்னு காலையிலயே கலெக்டர் ஆபீஸுல சொல்லிட்டுத்தான் தாயி வாரேன்.