சிவப்புத் துணிக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

வாக்குமூலத்தை மலாயில் எழுதாதீர்கள், இன்ஸ்பெக்டர் விமலன் சார். அதில் பிள்ளையை ஏமாற்றி மிட்டாயைப் பிடுங்கினாலும் 'தீப்பு'தான், மலையையே விற்றுவிட்டு ஓடினாலும் 'தீப்பு'தான். இங்கிலீஷ்காரன் ஏமாற்றுவதற்கு மட்டும் கடை விரித்தாற்போல் வார்த்தை வைத்திருக்கிறான். நிதானமாகப் பொறுக்கலாம். நீங்கள் ஏமாற்றினேன் என்பதற்கு 'சீட்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முதலில் ஆட்சேபிக்கிறேன்.

யுவனேஸ்வரி போய்ச் சேர்ந்ததில் எனக்கும் வருத்தம்தான். பக்கத்து வீட்டுப் பெண். அவள் பிள்ளை இன்னும் ஈப்போ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறதாம். ஆனால் வருத்தம் வேறு, வார்த்தை வேறு.

இந்த வில்லங்கமே வார்த்தையில் ஆரம்பித்ததுதான். ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நான்தான் ரொம்பக் காலம் கைடு. தேயிலை உண்மையில் மரம். விட்டால் வீட்டு உயரம் வளரும். அதை வெட்டி வெட்டி, நீ இன்னும் குழந்தைதான் என்று நம்பவைத்துக் கொழுந்து பறிக்கிறோம். 'வீ சீட் தி ட்ரீ' என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். போன வருஷம் எனக்குத் துணையாக யுவனேஸ்வரியின் புருஷன் காளியண்ணனைப் போட்டார்கள். அவன் கூட்டத்துக்கு நடுவே, "சீட் இல்லண்ணே, ட்ரிக். சீட்டுன்னா பரீட்சையில காப்பி அடிக்கிறது லா" என்றான். வெள்ளைக்கார அம்மா ஒருத்தி கைதட்டினாள். தோட்டத்துத் துரையும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அவன் கைடு ஆனான். என்னை, களைமருந்து அடிக்கும் ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஆக்கினார்கள். வயிறு எரிந்தது. அதை மறைக்கமாட்டேன்.

எங்கள் தோட்டத்தில் மருந்தடித்த செடி நிரையின் முனையில் குச்சி நட்டு ஒரு சிவப்புத் துணி கட்டுவோம். அதைப் பார்த்தால் கொழுந்து பறிக்கிறவர்கள் உள்ளே போகமாட்டார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்களும் அந்தப் பக்கம் முளைத்திருக்கும் மனத்தக்காளிக் கீரையைத் தொடமாட்டார்கள். துணியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் மண்டோர் வேலை.

அன்று சனிக்கிழமை, காளியண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிரையில் மருந்தடித்தோம். களை அதிகம் என்று சொல்லிக் கொஞ்சம் கெட்டியாகவே கலக்கச் சொன்னேன். சாயங்காலம் ஆட்கள் போன பிறகு, துணியை அவிழ்த்து அடுத்த நிரையில் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை யுவனேஸ்வரி அங்கே கீரை பறிப்பாள் என்பது லயத்துக்கே தெரியும். காளியண்ணனுக்குக் கீரை என்றால் உயிர். திங்கட்கிழமை பெரிய கூட்டம் வருவதாக இருந்தது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டால் துரை என்னைக் கூப்பிடுவார் என்று ஒரு நப்பாசை.

இதற்கு என்ன வார்த்தை போடலாம்? 'சீட்' என்றால் நான் எதையாவது எடுத்திருக்க வேண்டும். ஒரு கீரைத்தண்டைக்கூட எடுக்கவில்லை. 'ட்ரிக்' என்றால் கடைசியில் யாராவது சிரிக்க வேண்டும். 'டிசீவ்' கோயில் பிரசங்கம் மாதிரி இருக்கிறது. 'லை' என்றால் வாயைத் திறந்து பொய் சொல்லியிருக்க வேண்டும். 'மிஸ்லீட்' என்று எழுதிக்கொள்ளுங்கள். மரியாதையான வார்த்தை, பெரிய மனிதர்கள்கூட அதைச் செய்துவிட்டு மறுநாள் ஆபீசுக்குப் போகிறார்கள்.

கிண்ணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் யுவனேஸ்வரி ஒரு கிண்ணத்தில் கீரைக் கூட்டு கொண்டுவந்தாள். எது சமைத்தாலும் எனக்கு ஒரு கிண்ணம் வரும். நல்ல பெண். குழந்தை இடுப்பில் இருந்தது.

"அவரு திடீர்னு பிரிஞ்சாங் போயிட்டாரு மாமா, ஏதோ குரூப் வந்திருக்காம். சாப்பாடும் அங்கயேதான். நானும் பாப்பாவும் மட்டுந்தான்" என்றாள். பிறகு கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, "ஒரு மாதிரி வாடை வருதே மாமா, கொட்டிரவா?" என்று கேட்டாள்.

காளியண்ணன் சாப்பிடப்போவதில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கொட்டிவிடு என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். துணி விஷயம் வெளியே வரும். துணியை மாற்றிக் கட்டிய மண்டோரைத் தோட்டத்தில் ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார்கள். நானும் வாங்கி முகர்ந்து பார்த்தேன்.

"மழைக்கு அப்படித்தாம்மா வரும். ஒண்ணும் ஆவாது. நீயும் சாப்புடு, பாப்பாவுக்கும் ஊட்டு" என்றேன்.

அவள் போனதும் என் பங்கை வாய்க்காலில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிவைத்தேன்.

'பாப்பாவுக்கும் ஊட்டு' என்பதைத் தமிழில்தான் சொன்னேன், சார். அதற்கு இங்கிலீஷ் வார்த்தை தேட வேண்டியதில்லை.