கப்பலுக்குச் சொந்த டம்ளர்

"...வரிசையா இது? வரிசைன்னா ஒரு நியாயம் வேண்டாமா? ஒரு வாய் ஐஸ் டீக்கு இவ்ளோ நீளமா எந்தக் கப்பல்லயும் நான் நின்னதில்ல, கண்ணு. அந்தா பாருங்க, வால் பீட்சா அடுப்பு வரைக்கும் போயிடுச்சு. எது டீ வரிசை, எது பீட்சா வரிசைன்னு ஆளுங்களுக்கே தெரியல. இப்பதான் ஒரு மனுஷன் கால் மணி நேரம் நின்னு, டம்ளரை நீட்டி, அதுல பீட்சா வாங்கிட்டுப் போறாரு. பாவம், முகத்துல ஒரு சோகம்... சரி, நகருங்க நகருங்க. ஓ, நகரலயா? அவரு குனிஞ்சாரா? நான் நகந்துட்டார்னு நெனச்சேன்."

இவ்வாறு முறையிட்டவர் டெக்சஸ் மாநிலத்துப் போமாண்ட் ஊரைச் சேர்ந்த நெல்டா ப்ரூவிட். கேட்டுக்கொள்ளும் பேறு, வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற வைக்கோல் தொப்பிப் பெண்ணுக்கு வாய்த்தது. அந்த உல்லாசக் கப்பல் மெக்சிகோவின் கோசுமெல் தீவை விட்டுப் புறப்பட்டு, கரையே தென்படாத கடலில் டெக்சஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விடிந்தால் எல்லாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆகவே நெல்டா இன்னும் ஒரே ஒரு பகல் தாக்குப்பிடித்தால் போதும். எதற்காக என்பதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

"இந்தச் சட்டம் இருக்கே, அதாங்க காரணம். நாம வீட்லேருந்து கொண்டு வந்த டம்ளரை நேரா குழாய்க்கு அடியில வைக்கக் கூடாதாம். வாய் வச்ச பாத்திரம் குழாயில பட்டா கப்பல் முழுக்க வாந்தியும் பேதியும் வந்துடுமாம். நியாயம்தான். நான் இல்லைன்னே சொல்லல. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்துல வருஷக்கணக்கா வேலை பாத்தவ நான். எது எச்சில், எது சுத்தம்னு எனக்கா தெரியாது? ஆனா பாருங்க, என்ன பண்ண வேண்டியிருக்கு? மொதல்ல கப்பல் கிளாஸ் ஒண்ணு எடுக்கணும். அதுல ஐஸ் பிடிக்கணும். அத நம்ம டம்ளர்ல கொட்டணும். அப்பறம் டீ பிடிக்கணும், ஊத்தணும். மறுபடி பிடிக்கணும், மறுபடி ஊத்தணும். கெணத்துத் தண்ணிய டீஸ்பூன்ல எறைக்கற மாதிரி! இத்தனை பேரும் இதே கூத்தடிச்சா வரிசை எப்டிங்க நகரும்? அந்த ரோமெல் தம்பி, மெஷின் பக்கத்துல நிக்கறாரே, அவரு காலைலேருந்து 'அம்மா, கிளாஸ்ல பிடிங்க... ஐயா, கிளாஸ்ல பிடிங்க'ன்னு சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போச்சு. மத்த இங்கிலீஷெல்லாம் மறந்துடுச்சோன்னு பயமா இருக்கு.

"அப்போ கப்பல் கிளாஸ்லயே குடிச்சுட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கேக்கல? கேக்கணும்னு நெனச்சீங்க, மூஞ்சியிலயே தெரியுது. அந்தக் கிளாஸப் பாத்திருக்கீங்களா? அது கிளாஸா? இருமல் மருந்து பாட்டில் மூடி! ரெண்டு துண்டு ஐஸ் போட்டா டீக்கு எடம் இல்ல. டீ ஊத்தினா ஐஸுக்கு எடம் இல்ல. அதத் தூக்கிட்டு மேல் தளத்துக்கு வெயில்ல நடந்து போயி, நாற்காலில சாஞ்சு, 'அப்பாடா'ன்னு கால நீட்டறதுக்குள்ள காலி. மறுபடி எந்திரிக்கணும். எந்திரிச்சா நாற்காலி போயிடும். சூடே ஏறாத இந்தப் பெரிய டம்ளர் அப்டியா? ஞாயித்துக்கிழமை காருல மறந்து வச்சுட்டுச் சர்ச்சுக்குப் போனேன். போமாண்ட் வெயிலு, ஆகஸ்ட் மாசம். திங்கக்கிழமை கதவத் தொறக்கறேன், உள்ள ஐஸ் கலகலங்குது! பாதிரியார்கிட்டயே காட்டினேன். ரொம்ப ஆச்சரியப்பட்டாரு. பிரசங்கத்துல ஏன் பேசிகிட்டே இருந்தேன்னுதான் அப்பறம் கேட்டாரு.

"எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். ஹாலிஸ்னு பேரு. அவரு அதுல என்ன பண்றாரு தெரியுமா? ராத்திரி பல்செட்டப் போட்டு வைக்கறாரு! 'ஜில்லுனு இருக்கு, காலைல மாட்டிக்கறப்ப சொகமா இருக்கு'ங்கறாரு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை..."

வைக்கோல் தொப்பி சற்றே அசைந்தது. அது சிரிப்பா, அலுப்பா என்று ஆராய நெல்டாவுக்கு நேரமில்லை. வரிசை ஓரடி முன்னே சென்றது. நெல்டாவும் சென்றார். அப்போதே அவர் பார்வை ஒருமுறை பக்கவாட்டில் போய், சுட்டுக்கொண்டது போல் திரும்பி வந்தது.

"திரும்பாதீங்க. திரும்பாதீங்கன்னா திரும்பறீங்களே! சரி, மெதுவா... மணி பாக்கற மாதிரி பாருங்க. தூண் பக்கத்து மேசைல, ஊதாச் சட்டை, கழுத்துல பைனாகுலர். பாத்தீங்களா? அதான் எங்க நாத்தனார். ரூத்தான்னு பேரு. ஹாலிஸோட அக்கா. பறவை பாக்கற பைத்தியம். கடல் காக்கா பாக்கறதுக்குன்னு அந்தப் பைனாகுலரக் கொண்டு வந்தா. இப்ப கடலப் பாக்கறாளா? என் வாயப் பாக்கறா! கப்பல் ஏறினதுலேருந்து என் வாயையேதான் பாக்கறா!

"என்னன்னா, வீட்ல பெட்டி கட்டறப்பவே ஆரம்பிச்சுட்டா. 'அண்டா மாதிரி இருக்கு, இதையும் தூக்கணுமா? கப்பல்ல இல்லாத கிளாஸா?' நான் சொன்னேன், 'ஆளுக்கு ஆள் ருசி, ரூத்தான்.' விட்டாளா? மொத நாள் இந்த மெஷின்கிட்ட நான் ஊத்திகிட்டு இருக்கேன், பின்னாடி வந்து நின்னுகிட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றா: 'எப்டியும் கப்பல் கிளாஸ்லதானே பிடிக்கற நெல்டா, அத அப்டியே குடிச்சா வாய் வெந்துடுமா?' எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! 'இந்தக் கப்பலை விட்டு எறங்கற வரைக்கும் கப்பல் கிளாஸ்ல வாயே வைக்க மாட்டேன்'னுட்டேன். அவ உடனே, 'வச்சுட்டா?' அப்டின்னா. 'வச்சா அடுத்த வருஷம் எங்க போறதுன்னு நீயே முடிவு பண்ணு'ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேன், கண்ணு. வாய்தான். இந்த வாய்தான் எனக்கு எதிரி.

"அவ எங்க கூட்டிட்டுப் போகப் போறா தெரியுமா? நெப்ராஸ்காவுக்கு! கொக்கு பாக்கறதுக்கு! மார்ச் மாசக் குளுருல, ஆத்தங்கரைல மரப்பெட்டி மாதிரி ஒரு கொட்டாய் இருக்குமாம். விடியறதுக்கு முன்னாடியே உள்ள போயி, ஓட்டை வழியாப் பாத்துகிட்டு நிக்கணுமாம். கொக்கு லட்சக்கணக்குல எறங்கி நிக்குமாம். நிக்கட்டுமே! கொக்குகிட்ட எனக்கென்ன பகை? ஆனா பேசக் கூடாதாம். கேக்கறீங்களா? பேசவே கூடாதாம்! ரெண்டு மணி நேரம்! ஒரு வார்த்தை கூடாதாம், இருமினாக்கூட மொறைப்பாங்களாம். என்னை மாதிரி ஆளு அதுல உயிரோட வெளிய வருவேனா? நீங்களே சொல்லுங்க... அதான். ஹாலிஸும் சொன்னாரு, 'நெல்டா, உனக்கு நல்ல அனுபவமா இருக்கும்'னு. சொல்லிட்டு ரெண்டு நாளா ஒரே குஷியா இருக்காரு. யாரு பக்கம்னே தெரியல."

நெல்டா பொய் பேசாதவர். உண்மையை நன்றாகக் குலுக்கி, நுரை வர ஊற்றுவார், அவ்வளவே. ஆயினும் அந்த மரக்கொட்டாயைப் பற்றி அவர் சொன்னபோது நுரையில்லாத அச்சம் ஒன்று குரலில் இருந்தது. பேச்சில்லாத இரண்டு மணி நேரத்தை அவர் தம் அறுபத்தெட்டு வயதில், உறக்கம் நீங்கலாக, ஒருமுறையும் கண்டதில்லை.

"லேசுப்பட்ட ஆளில்ல அவ. நேத்திக்கு ராத்திரி, எல்லாரும் சிங்காரிச்சுகிட்டுச் சாப்பிடப் போற ராத்திரி. நான் ஜிகினா வச்ச கவுன் போட்டுகிட்டு, கைல டம்ளரோட போனேன். பரிமாறற பையன் பாத்தான். வெள்ளைத் துணியொண்ணு கொண்டாந்து டம்ளர் கழுத்துல கட்டி விட்டான்! அதுதான் மரியாதை. இவ என்ன பண்ணினா? எனக்குப் பொறந்தநாள்னு அவங்ககிட்ட சொல்லிட்டா. பத்துப் பேரு கைதட்டிப் பாடிகிட்டு, சின்னக் காகிதக் குடை குத்தின மது கிளாஸோட வர்றாங்க. பொறந்தநாள் நவம்பர்ல! நான் நன்றி சொல்லி, குடைய எடுத்துத் தலைல சொருகிகிட்டு, கிளாஸ டம்ளர்ல கவுத்துட்டேன். எப்டி? கேப்டன் விருந்துலயும் அப்டித்தான். ஷாம்பெய்ன டம்ளர்ல ஊத்திகிட்டேன். அவரு கைகுலுக்க வந்தாரு, டம்ளர எடது கைக்கு மாத்திகிட்டு, 'கப்பல நல்லா ஓட்டறீங்க'ன்னேன்.

"கோசுமெல்லயா? கோசுமெல்ல கிளாஸ்லதான் குடிச்சேன். ஆனா அது கரைல இருக்கற கிளாஸ், கப்பல் கிளாஸ் இல்ல. அது கணக்குல வராது. ரூத்தான் வரும்ங்கறா. ஹாலிஸ நடுவரா வச்சோம். அவரு சாப்பிட்டு முடிச்சுச் சொல்றேன்னாரு, அப்டியே தூங்கிட்டாரு.

"இதோ வந்துட்டோம். இன்னும் மூணே பேரு. அப்பாடா! நாக்கு மேல ஒட்டிக்குச்சு... ஆனா ஒண்ணு சொல்லுங்க, கண்ணு. இத்தனை பேருக்கும் வீட்லேருந்து டம்ளர் தூக்கிட்டு வரணும்னு எப்டித் தோணிச்சு? பாருங்களேன், முன்னாடி, பின்னாடி, எல்லார் கைலயும் இதே மாதிரி. பிடி வச்சது, மூடி போட்டது. உங்க கைலகூட இதேதான்! எந்தப் புண்ணியவான் சொல்லிக் குடுத்தான்? அவன மட்டும் நான் பாத்தேன்னா...

"என்னது? குழுவுலயா? இந்தப் பயணத்துக்குன்னு ஃபோன்ல ஒரு குழு இருக்கே, அதுலயா? நானும் அதுல இருக்கேனே! 'சொந்த டம்ளர் கொண்டு வரலாமா, வேண்டாமா'ன்னு ஒரு பொண்ணுகூடக் கேட்டிருந்தா... நீங்கதானா அது! அடடே, சொல்லவே இல்லையே! அப்போ உங்களுக்குப் பதில் எழுதினது... பேருக்குப் பக்கத்துல குட்டைக்கால் நாய்ப் படம் போட்டிருந்துச்சா? தொப்பி வச்ச நாயி?

"...அது எங்க நாய்தான்."

நெல்டா வாய் மூடினார். கப்பல் புறப்பட்டது முதல் அவ்வளவு நேரம் அந்த வாய் மூடியிருந்ததில்லை. பீட்சா அடுப்புவரை நீண்டிருந்த வரிசையை அவர் ஒருமுறை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு கையிலும் ஒரு டம்ளர், ஒவ்வொன்றும் அண்டா போல. பின் அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"நல்லா எழுதியிருந்துச்சா?

"இல்ல, சும்மா கேட்டேன். நூத்துக்கணக்குல விருப்பம் போட்டிருந்தாங்க, அதான். மனசுல பட்டத எழுதினேன். ஆனா அதுக்கும் இந்த வரிசைக்கும் என்ன சம்பந்தம்? நான் 'கொண்டு வாங்க'ன்னுதான் எழுதினேன். 'எல்லாரும் கொண்டு வாங்க'ன்னா எழுதினேன்? ...எழுதினேனா? சரி, அது ஒரு பேச்சுக்கு. 'இருக்கறதுலயே பெருசா வாங்குங்க'ன்னுமா? அப்டியா எழுதினேன்? அது ஒரு அக்கறைல..."

முறை வந்தது. தொப்பிப் பெண் அடக்கமாகத் தம் டம்ளரை நிரப்பிக்கொண்டு ஓரமாக விலகினார்; ஆனால் போகவில்லை. தம் கேள்விக்குப் பதில் எழுதியவரை நட்டாற்றில் விட அவருக்கு மனம் வரவில்லை போலும். நெல்டா ரோமெலுக்கு வணக்கம் சொல்லி, கப்பல் கிளாஸை எடுத்தார். ஐஸ் பிடித்து டம்ளரில் கொட்டினார். டீ பிடித்து ஊற்றினார். எல்லாம் முறைப்படி. வாய் மட்டும் ஓயவில்லை.

"நீங்களே யோசிச்சுப் பாருங்க, கண்ணு. நல்ல விஷயத்தச் சொல்றவங்க மேல தப்பா, அத ஒரே நேரத்துல எல்லாரும் செஞ்சா அவங்க மேல தப்பா? மழை நல்லதுன்னு ஒருத்தர் சொன்னா, வெள்ளம் வந்ததுக்கு அவரையா பிடிப்பீங்க? நான் கேக்கறேன். இந்தக் கப்பல்காரங்க என்ன பண்ணியிருக்கணும்? இன்னும் ரெண்டு மெஷின் வச்சிருக்கணும்! ஐஸ் இன்னும் கொஞ்சம்... இருங்க இருங்க, நான் முடிச்சுக்கறேன். ஏன் கைய ஆட்டறீங்க? பேசறப்ப குறுக்க பேசினா எனக்கு விட்டுப் போயிடும். என்ன சொல்ல வந்தேன்... தொண்டை வேற வறண்டு..."

சொல்லிக்கொண்டே, மீண்டும் நிரம்பியிருந்த அந்தக் கப்பல் கிளாஸை உயர்த்தி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"ஹா! சர்க்கரையே இல்ல. இது டீயா, மழைத்தண்ணியா..."

ரோமெல் கண்களை மூடிக்கொண்டார். தொப்பிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். நெல்டா கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். மேடைமேல் பாதி நிறைந்து நின்ற டம்ளரைப் பார்த்தார். பிறகு, பார்க்கக் கூடாது என்று தாமே தடுத்திருந்த திசையைப் பார்த்தார்.

ரூத்தான் தொலைநோக்கியைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். தூணை ஒரு கையால் பற்றி எழுந்து, ஒரு காலை மடக்கி, மற்றக் கையை இறக்கையாக விரித்து, ஊதாச் சட்டையில் ஓர் எழுபத்திரண்டு வயதுப் பெருங்கொக்காக நின்றார். பக்கத்து நாற்காலியில் ஹாலிஸ் பற்களெல்லாம் தெரியக் கைதட்டினார்.

நெல்டா சுற்றுமுற்றும் பார்த்தார். வைக்கோல் தொப்பி கூட்டத்துக்குள் வெகுதூரம் போய்விட்டிருந்தது. ஆனால் வரிசையில் பின்னால் ஒருவர் நின்றிருந்தார்; உயரமானவர், பெருத்த மீசை, கையில் டம்ளர், தப்பிக்க வழியில்லை.

"ஏங்க, நீங்க நெப்ராஸ்காவா? இல்லையா? நல்லதாப் போச்சு, அப்போ தாராளமாப் பேசலாம். அங்க கொக்கு பாக்கக் கொட்டாய் ஒண்ணு இருக்காம், அதுல வாயே தொறக்கக் கூடாதாம். சரி. தொறக்கல. ரெண்டு மணி நேரம்தானே? பல்லக் கடிச்சுகிட்டு இருந்துடுவேன். ஆனா போமாண்ட்லேருந்து அங்க போகக் காருல முழுசா ரெண்டு நாள் ஆகும்ங்க. வர்றதுக்கு ரெண்டு நாள். ஹாலிஸ் ஓட்டுவாரு, அவருக்கு எடது காது கேக்காது. பின் சீட்ல நானும் எங்க நாத்தனாரும்தான். பக்கத்துப் பக்கத்துல. ரேடியோவும் ரிப்பேரு..."

நெல்டாவின் குரல் எப்போதும் தூரம் போகும் குரல். தூணருகே, ரூத்தானின் மடக்கிய கால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது.