தறி ஓடாத நாளில் ஒரு பாடம்

"அமாவாசை அன்னைக்கு இன்ஸ்பெக்டர் வருவாருன்னு யாருப்பா கண்டாங்க?"

ஐயம்பேட்டை பஸ் இன்னும் கிளம்பவில்லை. என் முன்சீட்டில் இரண்டு வாத்தியார்கள். ஒருவர் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். மற்றவர் மடியில் குடையை வைத்துக்கொண்டு நிதானமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"வந்தா என்ன? பாடம் நடத்தத் தெரியாதா உனக்கு?" என்றார் குடைக்காரர்.

"எங்க ஸ்கூலச் சுத்தி நாலு பக்கமும் தறி. கத்துனாதான் கடைசி பெஞ்சுக்குக் கேக்கும். அதே பழக்கத்துல கத்திக்கினு இருக்கேன். அமாவாசைன்னா தறிக்காரங்களுக்கு லீவாச்சே. தெருவே கம்முனு இருக்குது."

"பசங்க?"

"அவங்களும் கத்தித்தானே பழக்கம். கங்கை எங்க உற்பத்தி ஆவுதுன்னு கேட்டேன். மொத்தக் கிளாசும் இமயமலைன்னுச்சு. மனுசன் காதைப் பொத்திக்கினாரு."

"இமயமலைக்கே கேட்டிருக்கும்."

"ஆசிரியர் முன்கோபி, பிள்ளைங்க அடங்காதவங்கன்னு எழுதிட்டாருப்பா. நான் இன்னும் பர்மனென்ட் கூட ஆவல."

"நீ பசங்கள அடிக்கிறேன்னு எழுதாம விட்டாரே, அதுவரைக்கும் நல்ல மனுசன்தான்."

"அடுத்த வாரம் திரும்ப வராராம். மெதுவா பேசி நடத்திக் காட்டணுமாம்."

"அன்னைக்குத் தறி ஓடுமா?"

"ஓடும்."

குடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் என்னப்பா கவலை? நீ சும்மா வாயை அசைச்சிக்கினு நில்லு. அவருக்கு ஒரு எழுத்து காதுல விழாது. அருமையா நடத்துறாருன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாரு."